இடது பக்கத்து முகம்

பிப்ரவரி 4

சிறுசு,

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய். உன் குரலும் என் குரலும் ஒன்றுதானே, நானே அழுவது போல இருக்கும், உடனே இரங்கிவிடுவேன். இந்தத் தடவை இரங்குவதாக இல்லை. அதனால்தான் கடிதம்.

என் பயிற்சி மைதானத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடை இருப்பது உனக்குத் தெரியும். ஸ்கூட்டர் கற்க வருகிற பெண்கள் அங்கேதான் தண்ணீர் பாட்டில் வாங்குவார்கள். நேற்று அந்த வங்கிக்காரப் பெண், பிரேக்கைப் பிடி என்றால் ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறாளே அவள்தான், தண்ணீர் வாங்கப் போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள். “மாஸ்டரக்கா! நீங்க விளம்பரத்துல வர்றீங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!” என்றாள். எல்லோரும் வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நானும் போனேன், வேறென்ன செய்ய?

கண்ணாடிக் கதவு முழுக்க ஒரே படம். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் நான், வலது பக்கம் நீ. என் தலைக்கு மேல் ‘முன்’ என்று போட்டிருக்கிறது, உன் தலைக்கு மேல் ‘பின்’. கீழே நீ கவுண்டரில் நின்று விற்கிற உங்கள் கம்பெனி ஃபேஸ் பாலிஷ் டப்பா. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே பெண். பாலிஷ் போடுவதற்கு முன்னால் நான், போட்ட பிறகு நீ.

அது எந்தப் படம் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. லைசென்ஸ் டெஸ்ட் முடிந்த அன்று சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றியவுடன் எடுத்தது. நெற்றியில் பட்டை அழுத்திய தடம், மூக்கின் மேல் புழுதி, கன்னத்தில் வெயில் தின்ற கருப்பு. “பாருடி உங்கக்காவ, கரிக்கட்டையாட்டம் நிக்கறேன்” என்று நான்தான் அனுப்பினேன். நீ சிரிக்க வேண்டும் என்று அனுப்பினேன். ஊர் சிரிக்க வேண்டும் என்று அனுப்பவில்லை.

“இது நீங்கதானே மாஸ்டரக்கா?” என்று அந்தப் பெண் திரும்பக் கேட்டாள். “நான் இல்லம்மா. உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்வாங்கல்ல” என்றேன். என் முகத்துக்கு எதிரில் நின்றுகொண்டு நானே நான் இல்லை என்று சொன்னேன், சிறுசு. நீ செய்ததைவிட அதுதான் தொண்டையில் நிற்கிறது.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. அவளுக்குக் கண் தெரியாது, அதனால் தப்பித்தாள்.

பெருசு

•

பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் உடை மாற்றும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் சொல்வதாக நினைக்காதே.

அந்த ‘முன், பின்’ படத்துக்கு ஒரு வாடிக்கையாளர் அம்மாவை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு மாதம் பாலிஷ் போட்டும் அந்தம்மாவின் முகம் முன்னே எப்படி இருந்ததோ பின்னேயும் அப்படியே இருந்தது. மறுநாள் படம் அச்சுக்குப் போக வேண்டும். மேனேஜர் கவுண்டர் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். என் கெட்ட நேரம், அப்போதுதான் நான் உன் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். “என்னம்மா சிரிப்பு?” என்றார். “எங்க அக்கா சார். நாங்க ரெட்டை” என்று போனைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

“அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்றார். அரை மணி நேரம் கழித்துப் போய், “கேட்டுட்டேன் சார், சரின்னுட்டா” என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

கண்ணை மறைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இந்த ஊர்க் கடைகளோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, எனக்குச் சௌகரியமாக அப்படி நினைத்துக்கொண்டேன். படம் வந்த பிறகு என்னைக் கவுண்டருக்கே பொறுப்பாளர் ஆக்கினார்கள். அதற்கப்புறம் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு விஷயம். பயந்து பயந்து தள்ளிப்போட்ட அம்மா கடைசியில் கண்புரை ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டாள். மார்ச் பதினான்கு. மறுநாள் காலை கட்டுப் பிரிப்பார்கள். “கட்டு பிரிக்கறப்ப ரெண்டு பேரும் என் முன்னாடி நிக்கணும். அஞ்சு வருஷமா ரெண்டு நெழலோடதான் குடும்பம் நடத்திட்டிருக்கேன்” என்கிறாள். ஊரே நம்மை மாற்றி மாற்றிக் கூப்பிட்ட காலத்தில் அவள் ஒருத்திதான் ஒரு தடவைகூடத் தப்பாகக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெருமை இன்னும் போகவில்லை. “பெத்தவளுக்கு என்ன கொழப்பம்? கண்ணத் தொறந்ததும் எது பெருசு எது சிறுசுன்னு சொல்றேன் பாருங்க” என்று டாக்டரம்மாவிடம் பந்தயமே கட்டியிருக்கிறாள்.

வா அக்கா. என்னை அடிக்க வேண்டுமென்றாலும் வந்து அடி.

சிறுசு

•

பிப்ரவரி 22

சிறுசு,

நீ ‘அக்கா’ என்று எழுதியதைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல நாளில் ‘ஏய் பெருசு’, தப்பு செய்த நாளில் மட்டும் அக்கா. நாற்பது வயதாகியும் மாறவில்லை.

படத்தைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை. வேறொன்று கேட்க வேண்டும். என்னிடம் கற்க வருகிற பெண் ஒருத்தி அந்தப் பாலிஷை வாங்கியிருக்கிறாள். தினமும் போடுகிறாளாம். முதல் வாரம் முகம் வழுவழுவென்று இருந்ததாம். இப்போது வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறதாம். மூக்குக்கு இரண்டு பக்கமும் வெங்காயச் சருகு மாதிரி உரிகிறதாம். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமா, இல்லை நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்கிறாள். அடுத்த மாதம் அவள் ஒரு முக்கியமான இடத்துக்குப் போக வேண்டும், அதற்குள் முகம் தெளிய வேண்டும் என்கிறாள். பாவம், நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவள். நீ அந்தத் தொழிலில் இருப்பதால் கேட்கிறேன்.

அம்மா ஆபரேஷனுக்கு வரப் பார்க்கிறேன். அந்த வாரம்தான் லைசென்ஸ் டெஸ்ட் வேறு. உறுதியாகச் சொல்ல முடியாது.

பெருசு

•

பிப்ரவரி 27

பெருசு,

அந்தப் பெண்ணை இன்றைக்கே நிறுத்தச் சொல். டப்பாவின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது: வாரத்துக்கு ஒரு முறை, விரல் நுனியால், லேசாக. போட்ட பிறகு வெயிலில் போகக் கூடாது. அதில் துகளும் இருக்கிறது, அமிலமும் இருக்கிறது. மேல்தோலில் செத்துப்போனதைச் சுரண்டி எடுக்கிற சாமான் அது. தினமும் சுரண்டினால் செத்தது தீர்ந்து, உயிரோடு இருக்கிற பச்சைத் தோல்தான் மிஞ்சும். அது வெயிலைத் தாங்காது, திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். சோப்பு வேண்டாம், பவுடர் வேண்டாம். தண்ணீரில் கழுவி, வாசனையில்லாத சாதாரணக் களிம்பு போடட்டும். எரிச்சல் அடங்காவிட்டால் தோல் டாக்டரிடம் போகட்டும்.

இதெல்லாம் கவுண்டர் பேச்சு. இனி நான் பேசுகிறேன். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது? என்னைவிடப் பத்து நிமிஷம் மூத்தவளா?

சொல்லிவிடு. நீதானே?

அந்த வலது பக்கத்து முகம் பாலிஷைத் தொட்டதே இல்லை, பெருசு. படம் எடுத்த நாள் வரைக்கும் நான் அந்த டப்பாவைத் திறந்து விற்றிருக்கிறேனே தவிர, என் முகத்தில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. வருஷக்கணக்காக ஏசிக்குள் வெயில் படாமல் நின்ற முகம் அது, மேலே மேக்கப். அதை எந்த டப்பாவிலும் அடைத்து விற்க முடியாது. மற்றவர்களுக்கு இது தெரியாது. உனக்குமா தெரியாது?

நான் இப்போது கவுண்டரில் இல்லை. பின்னால் ஸ்டோரில் சரக்கு அடுக்குகிறேன். அது வேறு கதை.

சிறுசு

•

மார்ச் 3

சிறுசு,

தெரியும்டி. தெரிந்துதான் செய்தேன். வெட்கமே அதில்தான் இருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்து எத்தனையோ பேர் ஏமாந்திருப்பார்கள். அது பொய் என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த நானே போய் வாங்கினேன். எதிர்க் கடையில் வாங்க முகமில்லாமல் நாலு தெரு தள்ளிப் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே நுழைந்து, வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்பட்டு, விரலால் காட்டி வாங்கினேன். திருடன்கூட இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பான்.

ஏன் வாங்கினேன் என்று கேள். மற்றவர்களுக்கு ‘பின்’ என்பது யாரோ ஒருத்தியின் முகம். எனக்கு அது என் முகம். ஒரே வயிறு, ஒரே மூக்கு, ஒரே மோவாய். வெயிலும் புழுதியும் என் மேல் ஒரு படலமாகப் படிந்திருக்கிறது, அதைச் சுரண்டிவிட்டால் அடியில் நீ இருப்பாய் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பது போல நறநறவென்று தேய்த்தேன், காலையில் ஒரு தரம், மைதானத்திலிருந்து வந்து ஒரு தரம். எரிந்தபோது நெருங்கிவிட்டோம் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். சொந்தக் காசில் சூனியம் என்பார்கள். நான் அதை வாங்கி முகத்தில் தேய்த்தும் கொண்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன், டாக்டரையும் பார்த்துவிட்டேன். ஆற மாதக்கணக்காகும் என்கிறார். கன்னம் இரண்டும் ஒரு இடத்தில் வெளுத்து, ஒரு இடத்தில் சிவந்து, ஓரத்தில் கறுத்துக் கிடக்கிறது. மைதானத்தில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே வைத்திருக்கிறேன். “என் மூஞ்சிய என்னத்துக்குப் பாக்கற, ரோட்டப் பாரு” என்று இத்தனை வருஷமும் எல்லோரையும் விரட்டினேன். இப்போது யாரும் பார்ப்பதில்லை. அந்த வங்கிக்காரப் பெண் மட்டும், “மாஸ்டரக்கா, உடம்புக்கு என்ன? திட்டவே மாட்டேங்கறீங்களே” என்றாள்.

நான் வரவில்லை. ஐந்து வருஷம் கழித்துக் கண்ணைத் திறக்கிறவள் முதலில் பார்ப்பது இதுவாக இருக்க வேண்டாம். நீ போய் நில். முதலில் நீயாக நில். கொஞ்ச நேரம் கழித்து உடையை மாற்றிக்கொண்டு வந்து நானாக நில். பள்ளிக்கூடத்தில் உனக்காக நான் போய்ப் பரீட்சை எழுதவில்லையா? புதுக் கண், ஒரு நாளைக்கு ஏமாறுவாள்.

பெருசு

•

மார்ச் 7

ஏய் பெருசு,

என்னால் நிற்க முடியாது. உனக்காகவும் முடியாது, எனக்காகவும் முடியாது. நீ நினைத்துக்கொண்டிருக்கிற அந்த முகம் என்னிடமும் இல்லை.

படம் வந்த பிறகு ஆட்கள் டப்பாவைப் பார்க்க வரவில்லை, என்னைப் பார்க்க வந்தார்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். “தினமும் போடறீங்களா?” என்று கேட்டார்கள். “தினமும்தான்” என்று சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் எனக்கே பொறுக்கவில்லை. போட ஆரம்பித்துவிட்டால் அந்தப் பொய் உண்மையாகிவிடும் என்று புத்தி கெட்டுப்போய் ஆரம்பித்தேன். வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டவும் என் முகம்தான். எறும்பு எழுத்தை ஊருக்கெல்லாம் படித்துக் காட்டுகிறவள் எனக்கு மட்டும் படித்துக்கொள்ளவில்லை.

முதலில் சிவந்தது. பிறகு பொரிப்பொரியாக வந்தது. இப்போது கன்னத்தில் இரண்டு கருந்திட்டு. மேக்கப்பை அப்பி மூடினேன். ஒரு நாள் ஒரு அம்மா, “இது நெஜமா, பூச்சா?” என்று கைக்குட்டையை நனைத்து என் கன்னத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டார். சுற்றிலும் ஆட்கள். அந்தக் கைக்குட்டையை அவர் மடித்துப் பையில் வைத்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மேனேஜர், “கொஞ்ச நாள் ஸ்டோரப் பாத்துக்கங்கம்மா” என்றார். வாசலில் என் படம் சிரித்துக்கொண்டிருக்கிறது, நான் உள்ளே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அம்மா என் கன்னத்தைத் தடவ வந்தாள். தலையை இழுத்துக்கொண்டேன். “மூஞ்சிய எங்கடி கொண்டு போற?” என்றாள்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். இடது பக்கம் என் அக்கா, அவளைக் கேட்காமல் பொய் சொல்லிக் கொடுத்தேன், படத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். முன்பே செய்திருக்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. வேலை இருக்குமா என்று தெரியவில்லை, போனால் போகட்டும்.

நீ வா. தனியாக அவள் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து தலைகுனிந்து நிற்போம்.

சிறுசு

•

மார்ச் 22

சிறுசு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் ஒன்றாக இருந்தும் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கட்டுப் பிரிக்கிற நேரம் பார்த்து நீ சொட்டு மருந்து வாங்கக் கீழே போனாய். மருந்துக்கா போனாய்? நான் முந்திக்கொண்டிருந்தால் நான்தான் போயிருப்பேன். கட்டிலின் கால்மாட்டில் நான் தனியாக நின்றேன். நர்ஸ் பஞ்சை எடுத்தாள். அம்மா சிமிட்டிச் சிமிட்டி ஜன்னலைப் பார்த்தாள். நர்ஸின் சட்டைப் பித்தானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“சிறுசு, உங்கக்கா எங்கடி? வரலையா?” என்றாள்.

பிறந்ததிலிருந்து முதல் தடவை. அவள் நினைவில் நான் வெயிலில் காய்ந்த முகம். அந்தக் கருப்பு உரிந்துபோய் வெளுத்து நின்றவளைப் பார்த்து நீ என்று நினைத்துவிட்டாள். நான் எதற்காக அந்தத் தேய் தேய்த்தேனோ அது நடந்துவிட்டது, அம்மா கண்ணுக்கு நான் நீயாகிவிட்டேன். அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நான் பெருசும்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “வந்துட்டிருக்காம்மா” என்றேன். மருந்துக் கடையில் ஒரு தடவை நான் இல்லை என்றேன், பெற்றவளிடம் இன்னொரு தடவை.

அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். கற்றுக்கொள்கிறவர்களின் வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிக் காய்த்துப்போன உள்ளங்கை இது. அந்தக் காய்ப்பைக் கட்டைவிரலால் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நர்ஸைப் பார்த்து, “டாக்டரம்மாகிட்ட சொல்லிடும்மா, பந்தயத்துல நான் தோத்துட்டேன்” என்றாள். என்னிடம், “மூஞ்சிய மாத்திக்கிட்டு வந்த, கைய மறந்துட்டியே பெருசு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அழுதாள். புதுக் கண்ணை அழ வைக்கிறீர்களே என்று நர்ஸ் என்னைத் திட்டினாள்.

அந்த நேரத்தில்தான் நீ மருந்தோடு உள்ளே வந்தாய். உன்னையும் பார்த்துவிட்டு அவள் கேட்டது உனக்குத் தெரியும். “உங்க ரெண்டு பேரையும் நான் நல்லாத்தானடி பெத்தேன்?” ஊர் வருகிற வரைக்கும் பஸ்ஸில் எனக்கு அது ஒன்றுதான் காதில் கேட்டது.

வந்த மறுநாள் எதிர் மருந்துக் கடைக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனேன். வங்கிக்காரப் பெண் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்தாள். படம் இன்னும் அப்படியே இருந்தது. “அண்ணே, இந்த இடது பக்கம் இருக்கறது நான். வலது பக்கம் என் தங்கச்சி. ரெண்டும் ஒரு ஆள் இல்ல. எடுத்துடுங்க” என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். “அப்ப இதப் போட்டா இப்படி ஆகாதா?” என்று உன் பக்கத்தைக் காட்டினார்.

“தினமும் போட்டா இப்படி ஆகும்ணே” என்று என் கன்னத்தைக் காட்டினேன்.

அவர் படத்தைக் கிழிக்கும் முன்னால் போனை எடுத்து அவசரமாக வீட்டுக்குத்தான் அடித்தார், “அந்தப் பாலிஷ இனிமே தொடாத” என்று.

வங்கிக்காரப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு இல்லை என்றீர்களே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. பேசாமல் எனக்கும் சேர்த்து ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் நிற்கிறேன், நிழலில்.

உன் எண்ணுக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன். இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். இன்று சாயங்காலம் மைதானத்தில் எடுத்தது. மூக்குப் பக்கம் இன்னும் உரிகிறது, கன்னத்தில் மூன்று நிறம். அம்மாவிடம் காட்டு. அந்தக் கண்ணுக்கு என் முகம் பழகட்டும், அடுத்த தடவை தப்பாகக் கூப்பிட வேண்டாம்.

உன் படமும் ஒன்று அனுப்பு. மேக்கப் இல்லாமல், அந்தத் திட்டு தெரிகிற மாதிரி. நான் யாரிடமும் காட்ட மாட்டேன்.

பெருசு